காப்பு கட்டிய அன்று பறந்த விமானம்

பெரியபாளையம் வழி,
ஜூன் 1, ஞாயிறு.

அன்பு மகள் அருணாவுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். நாங்கள் இருக்கிறோம். உன் நைனாவுக்குச் சர்க்கரை முன்னே இருந்தபடியேதான், எனக்கு முட்டி வலி முன்னே இருந்தபடியேதான், வெயில் மட்டும் வருஷத்துக்கு வருஷம் ஆளைத் தின்கிறது, கத்திரி முடிந்தும் கிணற்றுமேட்டில் பகலில் கால் வைக்க முடியவில்லை. தினமும் போனில் பேசுகிறவளுக்கு எதற்கடி கடிதம் என்று கேட்பாய். போன் பேசும்போது நைனா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், நீயோ ஆஸ்பத்திரி லேபுக்குப் போகிற அவசரத்தில் ஒரு காலில் ஷூவை மாட்டிக்கொண்டே பேசுகிறாய், நான் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு சாப்பிட்டாயா தூங்கினாயா என்று கேட்டு வைத்துவிடுகிறேன். கடிதத்தில் நடுவே யாரும் கட் பண்ண முடியாது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு எல்லாப் பள்ளிக்கூடமும் திறக்கிறது, நம் பள்ளிக்கூடம் திறக்கவில்லை. இந்த வருஷம் மட்டுமில்லை, இனிமேலும் இல்லை.

போனில் நான் கேம்ப் நன்றாகப் போயிற்று, பார்க்கலாம் என்று இழுத்து இழுத்துப் பேசியதெல்லாம் பொய். உனக்குத் தெரியும், போன வருஷம் நம்மிடம் மொத்தமே இருபத்தேழு பிள்ளைகள், ஒன்றாம் வகுப்பில் ஆறு பேர். நீ மூன்றாவது படிக்கும்போது உன்னை முதல் பிள்ளையாக ரிஜிஸ்டரில் எழுதி ஆரம்பித்த பள்ளிக்கூடம், ஒரு காலத்தில் நூற்றுப்பன்னிரண்டு பேர் இருந்தார்கள், இப்போது ஊரில் பாதிப் பேர் கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறார்கள், அவர்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக வீட்டு வாசலுக்கே மஞ்சள் வேன் வருகிறது. சிப்காட்டில் ஒரு கம்பெனிக்காரர் காலி டிரம் அடுக்கி வைக்க இடம் தேடிக்கொண்டு நம் கட்டடத்தை இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். உன் நைனா பங்குனி மாதமே என்னிடம் சொல்லிவிட்டார், தெலகா, ஒண்ணாங் கிளாஸ்ல பதினஞ்சு பேரு சேந்தா நடத்து, இல்லன்னா மே மாசத்தோட வுட்டுடு, நமக்கும் வயசாவுதில்ல என்று. அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. பதினைந்து பேர் எனக்கு ஒரு பெரிய விஷயமா என்று வாய்க்கொழுப்பில் சரி என்று சொன்னது நான்தான்.

அதற்குத்தான் அந்த இங்கிலீஷ் கேம்ப். யோசனை நந்தினியுடையது. பதினொரு வருஷமாக என்னோடு இருக்கும் டீச்சர் அவள் ஒருத்திதானே, எங்கோ ஒரு ஊரில் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் கடை மாதிரி, காடு மாதிரி வகுப்பை மாற்றி இங்கிலீஷ் சொல்லித் தருவதைப் போனில் பார்த்துவிட்டு, நாம ஏர்போர்ட் வெக்கலாம் டீச்சர் என்று குதித்தாள். ஓடாமல் நின்றிருந்த நம் வேனில் இருந்து சீட்டுகளை டிரைவர் தணிகைவேல் கழற்றிக் கொடுத்தான், அவற்றைப் பெரிய ரூமில் நடுவே வழி விட்டு இரண்டு பக்கமும் வரிசையாகப் போட்டோம், சுவரில் முட்டை வடிவத்தில் ஜன்னல் வெட்டி ஒட்டி அதில் மேகம் வரைந்தோம். வராந்தா ஊர், அங்கே எப்படி வேண்டுமானாலும் பேசலாம், மேசையைத் தாண்டினால் ஏர்போர்ட், இங்கிலீஷ் மட்டும்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் நீல அட்டையில் பாஸ்போர்ட், போட்டோ ஒட்டி, பெயர் எழுதி. பெரியபாளையத்தில் சொல்லி இரண்டு ரப்பர் சீல் செய்து வாங்கினேன், ஒன்று புறப்பாடு, ஒன்று வருகை. விமானம் எந்த ஊருக்குப் போகிறது என்று நந்தினி கேட்டாள். அடிலெய்டு என்றேன். நீ இருக்கிற ஊரை விட்டால் வேறு எந்த ஊர் பெயர் என் வாயில் வரும் சொல்.

மேசையில் உட்கார்ந்து சீல் குத்தும் ஆபீசர் யார் தெரியுமா, உன் நைனா. பள்ளிக்கூடத்தை மூடு என்று சொன்ன அதே மனுஷன். காக்களூரில் செக்யூரிட்டியாக இருக்கும் தணிகைவேலின் மச்சானிடம் தொப்பி வாங்கி மாட்டிக்கொண்டு, உன் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவருக்கு மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தேன். வாட் ஈஸ் யுவர் நேம், வேர் ஆர் யூ கோயிங், வொய் ஆர் யூ கோயிங். ஒரு வாரம் மாட்டைக் கறந்துகொண்டே மனப்பாடம் பண்ணினார், அந்த மாடு பாவம், வொய் ஆர் யூ கோயிங் என்று கேட்கக் கேட்கத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். முதல் நாள் முப்பத்துநான்கு பிள்ளைகள் வந்தார்கள் அருணா. முப்பத்துநான்கு! கொஞ்சம் பேர் நம் பிள்ளைகள், கொஞ்சம் பேர் வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பு சேர வேண்டிய பொடிசுகள் மட்டும் இருபத்திரண்டு பேர். அம்மாக்கள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள். முதல் நாள் நைனா கேள்வி கேட்டதும் பிள்ளைகள் மலங்க மலங்க முழித்தன, மூன்றாம் நாள் டு ஈட் பீட்சா, டு ஸீ கங்காரு என்று ஆளுக்கொன்று கத்த ஆரம்பித்துவிட்டன. புதன்கிழமை நீ வீடியோவில் வந்து உன் வீட்டு ஜன்னல் வழியாக மழையைக் காட்டினாயே, மறுநாள் ரம்யா என்ற பொண்ணு, கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறவள் மகள், ஆறு வயசு, நைனா கேட்டதும் டு ஸீ அருணா அக்கா என்றாள். அவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தப் புதன்கிழமை வீடியோவில் உன்னிடம் ஒரு பையன் எப்போது வருவீர்கள் என்று கேட்டான், நீ சூன் என்றாய், பிள்ளைகள் அதற்கு அர்த்தம் சொல்லுங்கள் டீச்சர் என்றார்கள், நான் போர்டில் சீக்கிரம் என்று எழுதினேன்.

இனிமேல்தான் நான் செய்த தப்பு. கேம்ப் இரண்டு வாரம், மே ஐந்து முதல் பதினாறு வரை. முதல் வெள்ளிக்கிழமை எல்லாப் பிள்ளைகளுக்கும் புறப்பாட்டு சீல் குத்தி விமானத்தில் ஏற்றி அனுப்புவது, அடுத்த வாரம் முழுவதும் அடிலெய்டில் இருப்பது, கடைசி வெள்ளிக்கிழமை வருகை சீல் குத்தித் திரும்பக் கூட்டிவருவது, அன்றைக்கு அப்பா அம்மாக்களை வரவழைத்து அட்மிஷன் பாரம் கொடுப்பது, இதுதான் திட்டம். நந்தினி போனில் காலண்டரைப் பார்த்துத் தேதி போட்டாள், நான் தலையாட்டினேன். திரௌபதி அம்மன் தீமிதிக்குக் காப்பு கட்டும் நாளை ஊர்க்கூட்டத்தில் முடிவு பண்ணி நைனா வந்து சொன்னார், நான் பாஸ்போர்ட்டுக்கு அட்டை வெட்டிக்கொண்டே உம் கொட்டினேன். மே ஒன்பது, வெள்ளிக்கிழமை. இந்த வீட்டுக்கு வாழ வந்து முப்பத்தாறு வருஷம், காப்பு கட்டினால் தீமிதி முடியும் வரை ஊரார் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது, வெளியே இருக்கிறவர்களும் வந்து சேர்ந்துவிட வேண்டும், வள்ளூர் பவர் பிளான்ட்டில் வேலை செய்கிறவன்கூட லீவு போட்டுவிட்டு வருவான், இதெல்லாம் எனக்குத் தெரியாதா. தெரிந்தும் மண்டையில் ஏறவில்லை. அன்று காலை பதினோரு மணிக்கு முப்பத்துநான்கு பிள்ளைகளும் டாட்டா காட்டிக்கொண்டு வெளிநாட்டுக்குப் போனார்கள். சாயங்காலம் ஊருக்குக் காப்பு கட்டினார்கள்.

முதலில் எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் பேசினார்கள். கோயில் தர்மகர்த்தா அரசப்பன் டீக்கடையில் என்னைப் பார்த்து, இன்னா டீச்சரம்மா, நாங்க இங்க காப்பு கட்டிக்கினு இருக்கோம், நீ ஊரு கொழந்தைங்கள மொத்தமா ஏரோபிளேன்ல ஏத்தி வுட்டுட்டியாமே என்று கேலி பண்ணினார், நானும் தீமிதிக்குள்ள திரும்பி வந்துடுவாங்க என்று பதிலுக்குக் கேலி பண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை ரம்யாவுக்கு அம்மை வார்த்துவிட்டது. அவ்வளவுதான், ஒரு ராத்திரியில் பேச்சு மாறிவிட்டது. காப்பு கட்டும்போது ஊரில் பிள்ளைகளே இல்லை என்று டீச்சரம்மா பாஸ்போர்ட்டில் சீல் குத்தி வைத்துவிட்டாள், அம்மன் கணக்குப் பார்த்துவிட்டாள் என்று. திங்கள்கிழமை ஒன்பது பேர்தான் வந்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது, படித்த ஊரா இது என்று கத்தினேன், நைனா என்னை அடக்கி அரசப்பனிடம் கூட்டிக்கொண்டு போனார். அரசப்பன் கோபப்படவில்லை. வெளயாட்டுதான் டீச்சரம்மா, ஆனா சீலு சீலுதானே, நீயே குத்தி அனுப்பின, நீயே குத்திக் கூட்டியாந்துடு, அப்பால பேச மாட்டாங்க என்றார். திரும்பி வரும் விமானத்தைச் செவ்வாய்க்கிழமைக்கே மாற்றினோம்.

செவ்வாய்க்கிழமை காலையை நீ பார்த்திருக்க வேண்டும். இருபத்தாறு பிள்ளைகள் வந்தார்கள், அம்மாக்கள் வராந்தாவில் நின்றார்கள், சிலர் மஞ்சள் நீர் சொம்போடு. நைனாவுக்கு ஒரு கேள்வியை மட்டும் மாற்றிக் கொடுத்தேன், வொய் ஹாவ் யூ கம். ஒவ்வொரு பிள்ளையும் மேசைக்கு முன்னால் வந்து திஸ் ஈஸ் மை ஹோம் என்று சொல்லச் சொல்ல, அவர் ஓங்கி ஓங்கி வருகை சீலைக் குத்தினார். சீல் விழுகிற ஒவ்வொரு தடவையும் அந்தந்தப் பிள்ளையின் அம்மா கை தட்டினாள். ரம்யா அம்மா கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள், வீட்டில் அம்மை இருக்கும்போது உள்ளே வரக்கூடாது என்று, மகளுடைய பாஸ்போர்ட்டை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு. நைனா எழுந்து சீலையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு வெயிலில் கேட்டுக்குப் போனார், தொப்பியோடு. முறையாக மூன்று கேள்வியும் கேட்டார். மூன்றாவதற்கு அவள், எங்க சார் போவா, இதானே அவ ஊடு என்றாள். பாஸ்போர்ட்டைச் சுவரில் வைத்துக் குத்திக் கொடுத்தார். அன்று மத்தியானம் இருபத்தோரு பேர் அட்மிஷன் பாரம் வாங்கிக்கொண்டு போனார்கள். நானும் நந்தினியும் அந்த வேன் சீட்டில் உட்கார்ந்து, பதினைந்து தாண்டிவிடும், தாண்டிவிடும் என்று ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொண்டோம்.

புதன்கிழமை இன்னும் ஐந்து பிள்ளைகளுக்கு அம்மை. நானே கேம்பை நிறுத்திவிட்டேன். சுகாதார நர்ஸ் வந்து வீடு வீடாகப் பார்த்தாள், தொற்றி இரண்டு வாரம் கழித்துத்தான் வெளியே தெரியும், இவர்களுக்கெல்லாம் கேம்புக்கு முன்னாலேயே ஒட்டியிருக்கிறது என்று எனக்காகச் சொல்லிப் பார்த்தாள், யார் காதிலும் ஏறவில்லை. தீமிதி முடிந்த வாரத்தில் அம்மை வந்த பதினொரு பேரும் என் சீட்டில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தவர்கள், அதை நர்ஸ் சொல்லவில்லை, எனக்கே நாள் எண்ணத் தெரியும். எல்லாப் பிள்ளைகளும் தலைக்குத் தண்ணீர் ஊற்றி நன்றாகிவிட்டார்கள், அதற்கு அம்மனுக்குக் கும்பிடு. நந்தினி பதினைந்து பேர் சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தீ மிதித்தாள், என்னிடம் சொல்லவே இல்லை, குழியில் இறங்கும்போதுதான் பார்த்தேன். வாங்கிப்போன இருபத்தோரு பாரத்தில் திரும்பி வந்தது நாலு. அதிலும் ஒன்று நந்தினி அக்கா மகனுடையது.

நான் வீடு வீடாகப் போனேன், முட்டி வலியோடு. யாரும் முகத்தைத் திருப்பவில்லை, மோர் கொடுத்தார்கள், உட்கார வைத்தார்கள். ரம்யா தழும்பெல்லாம் காய்ந்து வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்ததும் குட் மார்னிங் டீச்சர் என்றாள், சாயங்காலம் நாலு மணி. அவள் அம்மா சொன்னாள், உங்க மேல இன்னா வருத்தம் டீச்சரம்மா, எங்க பொண்ணு இப்ப தூக்கத்துலகூட இங்கிலீஷு பேசுது, ஆனா நா காலைல ஆறு மணிக்கு கம்பெனி பஸ் புடிக்கணும், வேன்னா ஊட்டாண்டயே வந்து நிக்குது என்று. நாலாவது வீட்டிலும் வேன், ஏழாவது வீட்டிலும் வேன். அம்மையும் காப்பும் என் முட்டாள்தனமும் இல்லாமல் இருந்திருந்தாலும் பதினைந்து வந்திருக்காது அருணா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் தப்பால் போயிற்று என்றாலாவது என்னைத் திட்டிக்கொண்டு கிடப்பேன்.

இந்த நேரத்தில்தான் உன் போட்டோ வந்தது. பெரிய ஹாலில் நீ சேலை கட்டிக்கொண்டு ஒரு கையில் சர்டிபிகேட்டும் இன்னொரு கையில் சின்னத் தொட்டியில் ஒரு செடியும் வைத்துக்கொண்டு சிரிக்கிறாய், அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தவர்களுக்குச் செடி கொடுப்பார்கள் என்று எழுதியிருந்தாய். நான் போனில் சந்தோஷம் கண்ணு என்றேன். பொய் இல்லை, ஆனால் முழுசாகவும் இல்லை. நீ சிரித்துக்கொண்டே, இனிமே நா வர்றதுன்னா பேப்பரெல்லாம் வாங்கிக்கினுதான் வரணும்மா, இந்தப் பாஸ்போர்ட்ட திருப்பிக் குடுத்துடணும் என்றாய். விளையாட்டாகத்தான் சொன்னாய். போனை வைத்த பிறகு நைனா என்னைக் கேட்டார், அப்ப மெட்ராஸ் ஏர்போர்ட்ல அவள நிக்க வெச்சி கேப்பாங்களா என்று. கேட்பார்களாக இருக்கும் என்றேன். இன்னா கேப்பாங்க என்றார். அவருக்கே அது மனப்பாடமாகத் தெரியும். அன்றைக்குச் சாயங்காலமே தொப்பியைக் கொண்டுபோய்த் தணிகைவேலிடம் கொடுத்துவிட்டு வந்து, டிரம்காரரைக் கூப்பிட்டு எடத்த எடுத்துக்குங்க என்று சொல்லிவிட்டார். மே மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருக்கிறது, கொஞ்சம் இருக்கிறது, அதை மறைத்து எழுதினால் இது என் கடிதம் இல்லை. எட்டு வருஷமாக ஊராரிடம் என் பொண்ணு வந்து எடுத்து நடத்துவாள் என்று சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன், நீ ஒரு நாளும் வருகிறேன் என்று சொன்னதில்லை, சூன் என்று மட்டும்தான் சொன்னாய். அர்த்தத்தைப் போர்டில் எழுதியவள் நான்தான். உனக்கு அங்கே நல்ல வேலை, மாப்பிள்ளை தங்கமானவர், அதை விட்டுவிட்டு இங்கே வந்து நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வாய், நானாக இருந்தாலும் வரமாட்டேன். நந்தினிக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை கிடைத்திருக்கிறது, நாளையிலிருந்து போகிறாள், நம் கேட் வழியாகத்தான் அந்த பஸ் போகும். சீட்டுகள் காயலான் கடைக்குப் போய்விட்டன. சுவரில் ஒட்டிய ஜன்னல்களை மட்டும் டிரம்காரர், இருக்கட்டும்மா, அழகா கீது என்று விட்டுவைத்தார், மேகத்துக்குக் கீழே டிரம் அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

வேறு என்ன. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தால் வெறும் பிரெட்டைக் கடித்துக்கொண்டு படுக்காதே, ஒரு பிடி சோறு வடித்துச் சாப்பிடு. அந்தச் செடிக்கு நேர் வெயில் ஆகுமா என்று கேட்டுக்கொண்டு வை, தண்ணீரை ரொம்ப ஊற்றிவிடாதே, நீ செடி வளர்க்கிற லட்சணம் எனக்குத் தெரியும். பழைய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் கடைசிப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, நம் வீட்டு விலாசம் அதில் இருக்கிறது. மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், எந்த ஊரில் இருந்தாலும் ஒருவருக்கொருவர் துணையாக, மனசு குளிர்ந்து இருக்க வேண்டும் என்று பவானி அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

மறந்துவிடாமல் கவரைக் குலுக்கிப் பார், உள்ளே ஒரு நீல அட்டை இருக்கிறது. பிள்ளைகளுக்கு மாதிரி காட்டுவதற்காக முதலில் செய்த பாஸ்போர்ட் அது, ரிஜிஸ்டரில் இருந்த உன் மூன்றாம் வகுப்புப் போட்டோவை ஒட்டி உன் பெயரைப் போட்டேன். அதில் புறப்பாட்டு சீல் மட்டும்தான் இருக்கும். உனக்கும் இன்னொன்றைக் குத்தி அனுப்பலாம் என்று தேடினால் வருகை சீலைக் காணோம், கேட்டால் நைனா சட்டைப் பையைத் தட்டிக் காட்டுகிறார். கொடுங்கள், மை காய்ந்துவிடும் என்றேன். காஞ்சா காயட்டும், எச்ச தொட்டுக் குத்திக்கிறேன், அவ வந்து நிக்கட்டும், எம் பொண்ண நா ஒரு கேள்வியும் கேக்க மாட்டேன் என்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா
திலகவதி ராஜமாணிக்கம்